வேலையை விட்ட சேதியை நண்பர்களிடம் எங்கே சொல்வது: குரூப்பா, வலைப்பதிவா, மெயிலா?

ஒரே ஒரு சேதியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வேலையை விட்டுவிட்டார். நண்பர்களிடம் அவர் சொல்ல வேண்டியவை ஐந்து. வேலையை விட்டாயிற்று. யாரும் போகச் சொல்லவில்லை, தானாகத்தான் வந்தார். அடுத்து என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆறு மாதம் ஓட்டப் பணம் இருக்கிறது. இப்போதைக்கு யோசனை எதுவும் வேண்டாம், வேண்டும்போது அவரே கேட்பார்.

முதல் விஷயம் எந்த வழியில் அனுப்பினாலும் போய்ச் சேர்ந்துவிடும். கடைசி இரண்டும்தான் நடுவில் தொலையும். தொலைந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஒருவன் தயங்கித் தயங்கிக் கடன் வேண்டுமா என்று கேட்பான். ஒருத்தி வேலைவாய்ப்பு லிங்குகளாக அனுப்பித் தள்ளுவாள். இன்னொருவன் "என்னதான் நடந்துச்சு, என்கிட்டயாவது சொல்லு" என்று நள்ளிரவில் கேட்பான். மூவரும் நல்லவர்கள்தான். சேதி பாதிதான் கிடைத்தது, மீதியை அவர்களே இட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

அதனால் எது வேகம், எதில் வசதி அதிகம் என்ற கணக்கை இங்கே எடுக்கவில்லை. ஐந்தில் எத்தனை முழுசாகப் போய்ச் சேர்கின்றன, பதில் எங்கே வந்து விழுகிறது, பதிலே வராவிட்டால் அதற்கு என்ன அர்த்தம், இவற்றைத்தான் பார்க்கப் போகிறேன்.

வாட்ஸ்அப் குரூப்

பலருக்கும் கை முதலில் போகும் இடம் இதுதான். ஒரு வரி தட்டி அனுப்புவோம். இரண்டாவது வரியைத் தட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஏறக்குறைய இப்படிப் போகும்:

"வேலையை விட்டுட்டேன்டா"
"என்னடா சொல்ற"
"வாழ்த்துகள் மச்சி! பார்ட்டி எப்போ?"
"தூக்கிட்டாங்களா?"
"நானாதான்"
"எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க, ரெஸ்யூமே அனுப்பு"
"ஞாயித்துக்கிழமை யாரெல்லாம் வர்றீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல"

ஏழாவது வரியில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. பணம் இருக்கிறது, யோசனை வேண்டாம் என்பதெல்லாம் இதற்குப் பிறகு வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே போய் மாட்டிக்கொள்ளும். சாயங்காலம் குரூப்பைத் திறப்பவர் நூறு செய்திகளையும் மேலிருந்து படிக்கப்போவதில்லை. கடைசிப் பத்தைப் பார்ப்பார். "நானாதான்" என்பது எந்தக் கேள்விக்குப் பதில் என்பது அவருக்குப் புரியாது. குறிப்பிட்ட செய்தியை இழுத்துப் பதில் சொல்லும் வசதி இருக்கிறதே என்றால், இருக்கிறது. அவசரத்தில் யார் இழுக்கிறார்கள்?

குரூப்பில் அமைதிக்கும் ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீல டிக்கைக் கொண்டுவந்தது. தனி உரையாடலில் வேண்டுமானால் அதை அணைத்துவைக்கலாம், குரூப்பில் முடியாது. செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதிக்குப் போனால் யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலே கிடைக்கும். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாதவன் கோபத்தில் இருக்கிறானா, பேருந்தில் இருக்கிறானா என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. ஆனாலும் நாம் முடிவுகட்டிவிடுவோம். திருத்துவதற்கும் அனுப்பியதிலிருந்து 15 நிமிடம்தான் உண்டு. நீக்கினால் நீக்கிய அடையாளம் அங்கேயே நிற்கும், அது வேறு புதுக் கேள்விகளைக் கிளப்பும்.

குரூப்பை மட்டம் தட்டுவது என் நோக்கம் இல்லை. "சனிக்கிழமை காலை 10 மணி, ஸ்டேஷன் வாசல், வர்றவங்க கை தூக்குங்க" என்பதற்கு அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. நேரம், இடம், ஆம் அல்லது இல்லை. இந்த எல்லைக்குள் அது கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும். காரணம், மனநிலை, நிபந்தனை என்று சேதி கொஞ்சம் கனத்தாலே திணறிவிடும். குரூப்பில்தான் சொல்லியாக வேண்டும் என்றால், ஐந்தையும் வேறு எங்காவது தட்டிவைத்து, ஒரே செய்தியாக ஒட்டி அனுப்புங்கள். நான்கு வரி நீளம் என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்டேட்டஸ், ஸ்டோரி, ஃபேஸ்புக் சுவர்

இவற்றுக்கு அதிக இடம் தேவையில்லை. 2013-ல் ஸ்னாப்சாட், 2016-ல் இன்ஸ்டாகிராம், 2017-ல் வாட்ஸ்அப் என்று வரிசையாக வந்த 24 மணி நேர வகையறா எல்லாம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்வதற்கு நன்றாகவே உதவும். அதைத் தாண்டிச் சொல்லப் போனால்தான் வினை. "சில கதவுகள் மூடும்போதுதான் சிலரின் முகம் தெரிகிறது" என்று ஒரு ஸ்டேட்டஸ் போட்டுப் பாருங்கள். தொடர்புப் பட்டியலில் இருக்கும் பாதிப் பேர் அது தன்னைத்தான் குத்துகிறது என்று நினைத்துக்கொள்வார்கள், யாரைக் குத்த நினைத்தீர்களோ அவர் பார்க்கவே மாட்டார். ஐந்துக்கு மதிப்பெண் பூஜ்யம்.

ஃபேஸ்புக் சுவரில் இடம் தாராளம். ஆனால் 2006-ல் நியூஸ் ஃபீட் வந்த பிறகு நாம் எழுதுவது நண்பர்களின் பக்கத்தில் தானாகப் போய் விழுகிறது, யார் கண்ணில் முதலில் படும் என்பது நம் கையில் இல்லை. பள்ளித் தோழன், பழைய மேலாளர், சித்தி, எப்போதோ ஒரு திருமணத்தில் பார்த்தவர் என்று எல்லாரும் ஒரே கூட்டமாக உட்கார்ந்திருக்கும் அரங்கு அது. டானா பாய்ட் போன்ற ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்தும்படி எழுதப்போனால் யாருக்கும் ஒட்டாத ஒரு நன்றியறிவிப்புதான் மிஞ்சும். "ஒரு அழகிய பயணம் நிறைவடைந்தது" என்று தொடங்கும் பதிவுகளெல்லாம் இப்படிப் பிறந்தவைதான் என்பது என் சந்தேகம்.

குரல்பதிவு

வாட்ஸ்அப்பில் 2013-லிருந்து இருக்கிறது. இதன் பலம் தொனி. "யோசனை வேண்டாம்" என்பதை எழுத்தில் படித்தால் முகத்தில் அடித்ததுபோல் இருக்கலாம். அதையே சிரித்துக்கொண்டு சொன்னால் எதிராளியும் சிரித்துவிடுவார்.

இது வெறும் அனுபவக் கணிப்பு இல்லை. 2005-ல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் சொல்ல வேண்டும், மெயிலில் ஒரு முறை, குரலில் ஒரு முறை. இரண்டிலுமே தாங்கள் நினைத்தது ஒரே அளவுக்குப் புரிந்துவிடும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் முக்கால்வாசி சரியாகப் போய்ச் சேர்ந்தது. மெயிலில் பாதியைச் சற்றுத் தாண்டியது, அதாவது நாணயம் சுண்டிப் பார்த்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே விடைதான் வந்திருக்கும். படித்தவர்களோ தாங்கள் சரியாகப் புரிந்துகொண்டதாகவே உறுதியாக இருந்தார்கள். இன்னொன்றும் தெரியவந்தது. அனுப்பியவர் நண்பர் என்பதால் புரிதல் கூடிவிடவில்லை, அந்நியர் எழுதியதுபோலவேதான் இருந்தது. "அவனுக்கு என்னைத் தெரியும், புரிஞ்சுப்பான்" என்று நாம் வைக்கும் நம்பிக்கைக்கு இது நேர் எதிர்.

இந்தத் தொல்லை பழையதுதான். 1982 செப்டம்பர் 19-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிப்பு முகம் போடலாமே என்று சொன்னது, மின்பலகையில் எழுதிய வேடிக்கைகளை ஆட்கள் நிஜமென்று எடுத்துக்கொண்டதால்தான்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் பேசியே அனுப்பிவிடலாமா? அங்கேதான் குரல்பதிவு காலை வாரும். பேசும்போது நாம் சுற்றி வளைப்போம். நான்கு நிமிடப் பதிவில் மூன்றாவது நிமிடத்தில் "கடைசி நாள் இருபதாம் தேதி" என்று வரும். அந்தத் தேதியை மறுபடி பிடிக்க முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் இருப்பவரால் கேட்க முடியாது, "அப்புறம் கேட்கிறேன்" என்று வைத்துவிட்டு மறந்துபோவார். நீளமான பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பவர்களும் உண்டு. அந்த வேகத்தில் நம் தொனி என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிடத்துக்குள், ஒரே ஒருவருக்கு, மனத்தாங்கலை ஆற்றுவதற்கு என்றால் குரல்பதிவுதான். தகவலுக்கு வேண்டாம்.

வலைப்பதிவு

வலைப்பதிவின் தொடக்க வரலாற்றில் ஒரு பக்கம் நண்பர்களோடு பிணைந்தது. 1999-ல் பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தை ஆரம்பித்தது, தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதைப் பள்ளி நண்பர்களுக்குத் தெரிவிப்பதற்காகத்தான். ஒரு பதிவை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டும் வசதியும் அங்கே வந்துசேர்ந்தது. அதே ஆண்டில் வந்த பிளாகரும் 2003-ல் வந்த வேர்ட்பிரஸும் உலகத்தைப் பார்த்துத் திறந்த கதவுகள். இந்த இரட்டைக் குணம் இன்றுவரை வலைப்பதிவை விடவில்லை. நண்பனிடம் பேசுவதுபோல் எழுதச் சொல்லும், ஆனால் கேட்டுக்கொண்டிருப்பது யாரென்று காட்டாது.

முழுமை என்று பார்த்தால் வலைப்பதிவை எதுவும் நெருங்க முடியாது. ஐந்து விஷயமும் வரிசையாக இருக்கும், இடையில் யாரும் குறுக்கிட மாட்டார்கள். தப்பு இருந்தால் அடுத்த மாதம்கூடத் திருத்தலாம். முகவரி ஒன்றே, யார் எப்போது கேட்டாலும் அதையே கொடுக்கலாம்.

எழுதுகிறவருக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. முன்பின் தெரியாதவரும் படிக்கலாம் என்ற நினைப்பே நம் சோம்பேறித்தனத்தைப் பிடித்து உலுக்கும். குரூப்பில் "அவன் அன்னிக்கு சொன்னதுதான் காரணம்" என்று எழுதிவிட்டுப் போகலாம். வலைப்பதிவில் எழுதும்போது அவன் யார், அன்றைக்கு என்றால் எந்த நாள், என்ன சொன்னான் என்று மூன்று கேள்வி உடனே எழும். அவற்றுக்குப் பதில் எழுதப்போகும்போதுதான், அவன் சொன்னதற்கும் நாம் வேலையை விட்டதற்கும் பெரிய சம்பந்தமே இல்லை என்பது சில நேரம் தெரியவரும். நண்பர்களுக்கு உதவுகிறதோ இல்லையோ, எழுதியவருக்கு உதவிவிட்டது.

ஆனால் நண்பர்களுக்குச் சேதி சொல்லும் வழியாகப் பார்த்தால் இது மோசம் என்றுதான் சொல்வேன். முதல் காரணம், அவர்கள் வருவதே இல்லை. ஒரு காலத்தில் கூகுள் ரீடர் போன்ற ஓடைத்திரட்டிகள் புதுப் பதிவை வாசகரின் மேசைக்கே கொண்டுவந்து வைத்தன. 2013 ஜூலை 1-ல் கூகுள் அதை மூடியது. அதற்குப் பின்னால் இருந்த ஆர்எஸ்எஸ் நுட்பம் சாகவில்லை, இன்றும் அருமையாக வேலை செய்கிறது. நம் நண்பர்களில் எத்தனை பேருக்கு அது பழக்கம் என்பதுதான் கேள்வி. கடைசியில் லிங்கை எடுத்துக்கொண்டு நாமே குரூப்புக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே லிங்கைத் திறக்காமலே கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. நெருங்கிய நண்பருக்கு அது பொது அறிவிப்பாகவே தெரியும். "ஊருக்கே சொன்னப்பதான் எனக்கும் சொல்லணும்னு தோணுச்சா?" என்ற வருத்தத்துக்கு, பதிவு எத்தனை தெளிவாக இருந்தாலும் பதில் கிடையாது. தெளிவு மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் இடறும் இடம் இது. தனக்காக எழுதப்பட்டதா என்பதையும் நண்பர் சேர்த்தே படிக்கிறார்.

மூன்றாவது, நம் கதையில் வரும் மற்றவர்கள். வேலையை விட்ட கதையில் ஒரு மேலாளர் இருப்பார், பக்கத்து நாற்காலிக்காரர் இருப்பார், துணைவர் இருப்பார். பெயரைத் தவிர்த்தாலும் தெரிந்தவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். பிறகு மனம் மாறி நீக்கினாலும், 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் ஒரு நகல் தங்கியிருக்க வாய்ப்புண்டு. அதற்காக எல்லாம் நிரந்தரம் என்றும் நம்பிவிட வேண்டாம். 2009-ல், இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளம் மூடப்பட்டபோது ஏராளமான தனிநபர் பக்கங்கள் இருந்த இடத்தை விட்டே போயின. அழிய வேண்டியது தங்கும், தங்க வேண்டியது அழியும். எழுதுவதன் பிரதி ஒன்றைச் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்வது நல்லது.

பூட்டிவைக்கலாமே? வேர்ட்பிரஸில் பதிவுக்குக் கடவுச்சொல் போடலாம். பிளாகரில் அழைக்கப்பட்டவர்கள் மட்டும் படிக்கும்படி வைக்கலாம். செய்து பாருங்கள். முதல் வாரம் நான்கு பேர் கடவுச்சொல் கேட்பார்கள், மூன்றாம் வாரம் அதே நான்கு பேர் மறுபடி கேட்பார்கள், அப்புறம் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

வலைப்பதிவு ஜெயிக்கும் இடம் வேறு. ஒரே கேள்வியைப் பலர், பல மாதங்களாக, தனித்தனியாகக் கேட்கிறார்கள் என்றால் அப்போது எழுதுங்கள். "வேலையை விடுவதற்கு முன் பணத்துக்கு என்ன ஏற்பாடு செய்தாய்?" என்பது அப்படி ஒரு கேள்வி. சூடு ஆறியிருக்கும், பெயர்கள் தேவைப்படாது, முன்பின் தெரியாதவருக்கும் பயன்படும். எழுதும்போது "அன்பு வாசகர்களே" என்று கூட்டத்தை விளிக்காமல், கேட்டவர்களில் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் மேடைப்பேச்சு வாடை வராது.

மெயில்

ரே டாம்லின்சன் 1971-ல் கணினி வலையமைப்பு வழியாக முதல் மின்னஞ்சலை அனுப்பினார். இந்த வரிசையில் மூத்தது இதுதான், யாரும் நினைத்துப் பார்க்காததும் இதுதான். அலுவலகச் சனியன் என்று ஒதுக்கிவிட்டோம். நண்பர்களுக்குச் சேதி சொல்ல என் தேர்வு இதுதான். காரணத்தைச் சொல்வதற்கு முன் மெயிலையே பார்த்துவிடுவோம்.

சப்ஜெக்ட்: வேலையை விட்டுவிட்டேன் (நலமாக இருக்கிறேன்)

"வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை, நானாக எடுத்த முடிவு. அடுத்து என்ன என்று இன்னும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இந்த இடைவெளி. ஆறு மாதத்துக்குப் பணம் இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே ஒரு உதவி: இப்போதைக்கு வேலை லிங்க் எதுவும் அனுப்பாதே. தேவைப்படும்போது நானே வந்து கேட்பேன், உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்கப்போகிறேன்? பதில் போட அவசரம் இல்லை."

ஐந்தும் இருக்கின்றன. படிக்க அரை நிமிடம். சப்ஜெக்டிலேயே சேதியும் இருக்கிறது, பதறவேண்டாம் என்ற குறிப்பும் இருக்கிறது. கடைசி வரியைக் கவனியுங்கள். பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்பதை அது முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது: ஒன்றும் இல்லை. நீல டிக் கிடையாது, பட்டியல் கிடையாது. எதிராளி பதில் போட்டால் அது நேராக நமக்கு மட்டும் வருகிறது, அதனால் பதினைந்து பேர் முன்னால் சொல்ல முடியாததைச் சொல்வார். குரூப்பில் "வாழ்த்துகள் மச்சி" போட்ட அதே ஆள், "நானும் ஒரு வருஷமா இதையேதான் யோசிச்சிட்டிருக்கேன்" என்று மெயிலில் எழுதுவார்.

பலருக்கு ஒரே மெயிலை அனுப்புவதானால் பிசிசி-யில் போடுங்கள், யார் யாருக்குப் போனது என்பது மற்றவருக்குத் தெரியாது. சிசி-யில் போட்டால் யாராவது ஒருவர் எல்லாருக்கும் பதில் அனுப்பும் பொத்தானை அமுக்கி, மெயிலையும் குரூப்பாக்கிவிடுவார். இன்னும் நல்லது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பி, மேலே அவருக்கென்று ஒரு வரி சேர்ப்பது. "உன் பொண்ணுக்குப் பரீட்சை முடிந்ததா?" என்ற அந்த ஒரு வரி, மீதி எல்லாம் ஒட்டியது என்பதை மன்னித்துவிடும்.

1995-ல் வெளிவந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிக வழிகாட்டியில், உணர்ச்சிவசப்பட்டு எழுதும் பதிலை ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பு என்ற பொருளில் ஓர் அறிவுரை இருக்கிறது. இன்றைக்கு ஜிமெயில் அனுப்பியதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 விநாடி தருகிறது. ஒரு ராத்திரிக்கும் 30 விநாடிக்கும் நடுவில் நாம் எவ்வளவு அவசரக்காரர்கள் ஆகிவிட்டோம் பாருங்கள். வரைவில் போட்டுத் தூங்கப் போகும் வசதியை மெயில் இன்னும் விட்டுவைத்திருக்கிறது. குரூப்பிலும் தட்டிவைத்துக் காத்திருக்கலாம்தான், ஆனால் அங்கே காத்திருப்பதற்குள் பேச்சு ஊரைத் தாண்டிவிடும்.

குறையும் பெரியதுதான். பலர் சொந்த மெயிலைத் திறப்பதே இல்லை. விளம்பரங்களுக்கு நடுவில் நம் கடிதம் கிடக்கும், சில சமயம் ஸ்பேமுக்கே போய்விடும். அதற்கு மருந்து எளிது. வாட்ஸ்அப்பில் தனியாக ஒரு வரி: "மெயில் போட்டிருக்கேன், நேரம் கிடைக்கும்போது பாரு." இரண்டு வேலை என்று அலுத்துக்கொள்ளலாம். ஆனால் தப்பாகப் புரிந்துகொண்ட எட்டுப் பேரிடம் தனித்தனியாக விளக்குவதைவிட இது லேசு.

சப்ஸ்டாக் போன்ற செய்திமடல் தளங்கள் மெயிலையும் வலைப்பதிவையும் ஒட்டிப்போட்டவை. எழுதியது இன்பாக்ஸுக்கும் போகும், இணையத்திலும் இருக்கும். வெளியூர்களில் சிதறிக் கிடக்கும் நாற்பது, ஐம்பது பேருக்கு மாதம் ஒரு முறை எழுதுகிறவருக்கு ஏற்றது. ஒரே எச்சரிக்கை: எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு அங்கே காட்டப்படும். அதைப் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து நண்பர்கள் சந்தாதாரர்களாக மாறிவிடுவார்கள், நம் எழுத்தும் அதற்கேற்ப நடிக்க ஆரம்பிக்கும். அந்தப் பக்கத்தைத் திறக்காமலே இருக்க முடிந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எந்த வரிசையில்?

இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வரிசைதான் முக்கியம், பலர் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் சுவரில் போட்டு, பிறகு குரூப்பில் பதில் சொல்லி, கடைசியில் நெருங்கியவரைச் சமாதானம் செய்யத் தொலைபேசியை எடுக்கிறார்கள்.

வேலையை விட்டவர் முதலில் நெருங்கிய ஓரிருவரைக் கூப்பிட்டுப் பேசட்டும். அன்றைக்கே அல்லது மறுநாள் மெயில். அது போய்ச் சேர்ந்த பிறகு, குரூப்பில் ஒரே வரி: "வேலையை விட்டுட்டேன், விவரம் மெயில்ல இருக்கு, ஞாயித்துக்கிழமை வர்றேன்." வலைப்பதிவு எழுத மூன்று மாதமாவது போகட்டும், அதற்குள் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் தெரிந்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் தப்பாக எடுத்துக்கொண்டு குரூப்பில் சுருக்கென்று ஏதாவது போட்டால், அங்கேயே விளக்கம் எழுதி உட்கார வேண்டாம். இரண்டாவது விளக்கம் முதலாவதைவிட நீளமாகும், மூன்றாவதற்குள் மற்றவர்கள் கட்சி பிரிந்துவிடுவார்கள். "கூப்பிடறேன்" என்று மட்டும் போட்டுவிட்டு, உடனே கூப்பிடுங்கள்.